பம்புக்கு அஞ்சுகிறோம், பீடிக்கு அஞ்சுவதில்லை!

(இளைஞர்களும் வியாபாரப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



மேடை போட்டால் எத்தனையோ உரிமைகளைப் பற்றிப் பேசுகிறோம். இன்று மூச்சைப் பற்றிப் பேசப் போகிறேன். மூச்சு நின்றுவிட்டால் எந்த உரிமையைக் கேட்டு யார் நிற்கப் போகிறார்கள்?

நம் ஊர்களில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு வாலிபருக்கு வீசிங் வருகிறது. இரவில் இருமல், விடியற்காலையில் இழுப்பு. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, 'இது ஆஸ்துமா, இன்ஹேலர் போட வேண்டும்' என்கிறார். உடனே வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடுகிறது. 'பம்ப் அடித்தால் பழகிவிடும். ஆயுசுக்கும் விடாது' என்கிறார் ஒருவர். 'பெண் கொடுக்கிற இடத்தில் தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும்' என்கிறார் இன்னொருவர். கடைசியில் பம்ப் அலமாரிக்குள் போய்விடுகிறது. அதே வாலிபர் மாலையில் தேநீர்க் கடை ஓரத்தில் நின்று சிகரெட் பற்ற வைக்கிறார். 'பழகிவிடும்' என்று அவரிடம் சொல்ல ஒருவரும் இல்லை!

பழக்கம் உண்டாக்காத மருந்துக்கு அஞ்சுகிறோம். மனிதனை அடிமையாக்கும் நஞ்சுக்கு அஞ்ச மறுக்கிறோம். இந்தத் தலைகீழ் அச்சம் நம் வீடுகளில் உயிர்களைக் குடிக்கிறது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

உலகில் சுமார் 26 கோடி பேருக்கு ஆஸ்துமா இருந்ததாகவும், அவர்களில் சுமார் 4,55,000 பேர் அந்த ஓராண்டில் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் 100க்கு 13 பேர் அளவில்தான் இந்தியாவில் இருக்கிறார்கள். மரணங்களிலோ 100க்கு 40க்கும் மேல் நம் நாட்டில் நிகழ்கின்றன. நோயைக் கண்டறியத் தவறுவதும், கண்டறிந்த பிறகும் சரியான மருந்தைத் தொடர்ந்து எடுக்காததும் இதற்கு முக்கியக் காரணங்கள். அலமாரிக்குள் போன அந்தப் பம்பை இப்போது நினைத்துப் பாருங்கள்.

குழாய்க்குள் நடப்பது என்ன?

தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிகிறது. இப்படி மரக்கிளை போல இருபதுக்கும் மேற்பட்ட முறை பிரிந்து, கடைசியில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகளில் போய் முடிகிறது. அங்கேதான் இரத்தத்தில் ஆக்சிஜன் சேர்கிறது.

இந்தக் குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய சளிப் படலம் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் தூசும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். நுண்மயிர்கள் அலை அலையாக அசைந்து அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் சம்பளமில்லாமல் கூட்டிப் பெருக்கும் துப்புரவுப் பணியாளர்கள் இவர்கள்.

ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தக் குழாய்களின் உட்சுவர் எப்போதும் அழற்சியோடு, வீங்கி, சிவந்து இருக்கும். தூசு, குளிர்காற்று, சாம்பிராணிப் புகை, வாசனைத் திரவியம் என்று ஏதாவது பட்டால் போதும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சுவர் மேலும் வீங்கும், சளி பெருகும். வழி குறுகிவிடும். அந்தக் குறுகிய வழியில் காற்று போகும்போது எழும் விசில் சத்தத்தைத்தான் நாம் இழுப்பு என்கிறோம். இழுப்பு இல்லாத நாட்களிலும் உள்ளே அழற்சி இருந்துகொண்டே இருக்கும். இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். மருந்தை நடுவில் நிறுத்துகிறவர்கள் மறந்துவிடும் உண்மை இது.

இப்படிப் புண்பட்ட குழாய்க்குள் புகையை இழுத்தால் என்ன ஆகும்? புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. புகையிலுள்ள அக்ரோலின் போன்ற பொருட்கள் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கின்றன. சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. குப்பை கூடுகிறது, கூட்டுபவர் இல்லை. மீதி வேலையை இருமல்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

'காலையில் ஒரு பீடி பிடித்தால்தான் நெஞ்சுச் சளி இளகுகிறது' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரவு முழுவதும் புகை இல்லாததால் நுண்மயிர்கள் சற்று உயிர் பெற்று, தேங்கிய சளியைக் காலையில் மேலே கொண்டுவருகின்றன. அந்த நேரம் பார்த்துப் பற்ற வைக்கும் பீடி தொண்டையை எரிச்சலூட்டி இருமலைக் கிளப்புகிறது. உழைத்தது தூக்கம், பெயர் வாங்கியது பீடி!

பீடி இயற்கையானது, இலையில் சுற்றியது, சிகரெட்டை விடச் சாதுவானது என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. பீடியை அணையாமல் வைத்திருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். வலித்து இழுக்க வேண்டும். உருவத்தில் சிறியதாக இருந்தாலும், நிகோடினிலும் தாரிலும் கார்பன் மோனாக்சைடிலும் அது சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல. 2016-17இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில், இந்தியாவில் பெரியவர்களில் 7.7 சதவிகிதம் பேர் பீடியும், 4 சதவிகிதம் பேர் சிகரெட்டும் பிடிப்பது தெரியவந்தது.

நிகோடின் என்னும் சங்கிலி

இத்தனை கேடும் தெரிந்த பிறகும் ஏன் விட முடியவில்லை? இங்கேதான் நிகோடின் வருகிறது.

இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 விநாடிகளில் மூளையை அடைந்துவிடும். மூளையில் இன்ப உணர்வைத் தரும் டோபமைனைச் சுரக்க வைக்கும். அட்ரினலினைத் தூண்டி இதயத்துடிப்பை ஏற்றும். அடுத்து வெளியேறத் தொடங்கும். சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சல், பதற்றம், கவனமின்மை எல்லாம் தலைதூக்கும். அடுத்த சிகரெட் அதை அடக்கும். 'டென்ஷன் குறைகிறது' என்று நம் வியாபாரிகள் சொல்கிறார்களே, அந்த டென்ஷனில் பெரும்பகுதியை உண்டாக்கியதே முந்தைய சிகரெட்தான். கடனைக் கொடுத்து, வட்டியை வாங்கி, மீண்டும் கடன் கொடுக்கும் கந்துவட்டிக்காரன் இந்த நிகோடின்!

அடிமைப்படுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள நரம்பு முனைகளை நிகோடின் நேராகவே தூண்டுகிறது. இருமலும் குழாய் இறுக்கமும் ஏற்படலாம். நிகோடின் கலந்த இ-சிகரெட் ஆவி நுண்மயிர்களின் துப்புரவு வேலையை மந்தமாக்குகிறது என்று அமெரிக்காவின் மயாமியில் நடந்த ஆய்வு 2019இல் எடுத்துக்காட்டியது. கருவுற்ற தாயின் உடலில் சேரும் நிகோடின் கருவிலிருக்கும் சிசுவையும் சென்றடைகிறது. அந்தச் சிசுவின் நுரையீரல் வளரும் விதத்தையே மாற்றுகிறது. பிறக்கும்போதே குறுகிய மூச்சுக்குழாயோடு ஒரு குழந்தை பிறந்தால், அது செய்த குற்றம் என்ன?

மருந்தை முடமாக்கும் புகை

ஆஸ்துமா உள்ள தம்பிகள் குறிப்பாக இதைக் கேளுங்கள். ஆஸ்துமாவின் அழற்சியை அடக்கும் அடிப்படை மருந்து ஸ்டீராய்டு. பம்பில் மிகச் சிறிய அளவில் வருவது. புகைப்பவர் உடலில் இந்த மருந்து சரிவர வேலை செய்வதில்லை!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் ஆஸ்துமா நோயாளிகளுக்கு இரண்டு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். புகைக்காதவர்களுக்கு நல்ல முன்னேற்றம் ஏற்பட்டது. புகைப்பவர்களுக்குக் குறிப்பிடும்படியான முன்னேற்றம் ஏற்படவில்லை. இது 2003இல் வெளியானது. புகை மூச்சுக்குழாயின் அழற்சியின் தன்மையையே மாற்றுகிறது. மருந்து வேலை செய்யத் தேவையான ஒரு நொதியையும் குறைத்துவிடுகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள்.

ஒரு கையால் மருந்துக் கடையில் பணம் கொடுக்கிறோம். மறு கையால் பெட்டிக்கடையில் பணம் கொடுத்து அந்த மருந்தை வீணாக்குகிறோம். கணக்குப் பார்க்கத் தெரிந்த வியாபாரச் சமுதாயம் இப்படியொரு வியாபாரத்தைச் செய்யலாமா?

நல்ல செய்தியும் அதே நகரத்திலிருந்துதான் வந்தது. ஆஸ்துமா உள்ள புகைப்பழக்கக்காரர்கள் சிலர் புகையை விட்டார்கள். ஆறே வாரத்தில் அவர்களுடைய நுரையீரல் காற்றை ஊதித்தள்ளும் திறன் நன்றாக உயர்ந்திருந்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் உள்ளே புண்பட்டது முழுவதும் நிரந்தரமாகப் பாழாகிவிடவில்லை, திரும்பி வர வழி இருக்கிறது என்று அது சொல்கிறது.

பம்ப் பற்றிய கணக்கு

பம்புக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். வீசிங்குக்குக் கொடுக்கும் சால்புடமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். பம்பில் ஒருமுறை அடித்தால் வருவது 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் இருப்பது 40 முறை அடிக்கும் பம்பின் மருந்து! மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, பிறகு நுரையீரலுக்கு வருகிறது. பம்ப் நேராக வேண்டிய இடத்துக்குப் போகிறது. எது பலமான மருந்து, எது எளிய மருந்து என்று இப்போது சொல்லுங்கள்.

பம்ப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆஸ்துமா நீண்டகால நோய் என்பதால் மருந்தும் நீண்டகாலம் தேவைப்படுகிறது. கண்ணாடி போட்டால் கண் கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? இன்னொன்றையும் கவனியுங்கள். உடனடி நிவாரணம் தரும் பம்பை மட்டும் அடித்துக்கொண்டு, அழற்சியைக் குறைக்கும் மருந்தை விட்டுவிடுவது ஆபத்தானது. 2019 முதல் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல்களே இதை அழுத்தமாகச் சொல்கின்றன. எந்தப் பம்ப் எதற்கு என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வாக்கியத்தைக் கூட முழுதாகப் பேச முடியாத மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்தல், பம்ப் அடித்தும் தணியாமை ஆகியவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

புகையே மருந்தாக இருந்த காலம்

'அந்தக் காலத்தில் இழுப்புக்கே புகை பிடிக்கச் சொன்னார்களே' என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. உண்மைதான். அந்தக் கதைக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. மதராஸில் மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், காய்ந்த ஊமத்தையைப் புகைத்து ஆஸ்துமாவைத் தணிக்கும் முறையைப் பயன்படுத்தினார். 1802 வாக்கில் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி அதை இங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அதன் பின் ஊமத்தை வகைச் செடிகளால் செய்த 'ஆஸ்துமா சிகரெட்டுகள்' ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுக்கு மேல் விற்பனையாயின.

ஊமத்தையிலுள்ள அட்ரோபின் இறுகிய தசையைத் தளர்த்தும். அதனால்தான் நிவாரணம் கிடைத்தது. பீடியிலும் சிகரெட்டிலும் அட்ரோபின் இல்லை. ஊமத்தையோ அளவு மீறினால் சித்தம் கலங்கச் செய்து உயிரையே எடுக்கும் நஞ்சு. அந்த நஞ்சை நீக்கி, அதே தத்துவத்தில் உருவாக்கிய ஐப்ராட்ரோபியம் என்ற மருந்து இன்று புகையே இல்லாமல் பம்பில் வருகிறது. முன்னோர் தேடியது நிவாரணத்தை; அது இப்போது பம்பில் இருக்கிறது. வெறும் புகையை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருப்பது ஏன்?

வேப் என்னும் புது வேடம்

தம்பிமார்களே! உங்கள் தலைமுறைக்கு வேறு ஆடை போட்டு இதே நிகோடின் வந்திருக்கிறது. பேனா போலவும் பென் டிரைவ் போலவும் வேப் வருகிறது. மாம்பழ வாசனை, புதினா வாசனை. நாற்றம் இல்லை, சாம்பல் இல்லை, வாப்பாவுக்குத் தெரியப் போவதில்லை. 'வெறும் நீராவிதான்' என்கிறார்கள்.

அது நீராவி அல்ல. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருட்கள், நிகோடின் ஆகியவற்றைச் சூடாக்கி உண்டாக்கிய நுண்துளிப் படலம். சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை அதிலும் உண்டாகின்றன. முன்பெல்லாம் அதிக நிகோடினை இழுத்தால் தொண்டை எரியும். புதியவர் இருமிவிட்டு ஓடிவிடுவார். இப்போது நிகோடினை உப்பு வடிவில் மாற்றி, எரிச்சல் தெரியாமல் செய்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது என்று வரம்பு கட்டியது. அமெரிக்கச் சந்தையிலோ 50 மில்லிகிராமைத் தாண்டியவை விற்பனையாயின.

நியாயமாகப் பேச வேண்டும். எரியும் சிகரெட்டை விட வேப்பில் நச்சுப் பொருட்கள் குறைவு என்பது உண்மை. பல்லாண்டு புகைத்தவர்கள் முழுமையாக அதற்கு மாறினால் கேடு குறையும் என்று பிரிட்டனில் மருத்துவர்கள் சொல்கிறார்கள். புகைக்கவே தெரியாத 16 வயதுப் பையனுக்கு இந்த வாதம் எப்படிப் பொருந்தும்? அவன் எதை விட்டுவிட்டு இதற்கு வருகிறான்? சுத்தமான காற்றை விட்டுவிட்டல்லவா வருகிறான்! ஆஸ்துமா உள்ளவனாக இருந்தால், எளிதில் எரிச்சலடையும் குழாயை அவனே தேடிப்போய்ச் சீண்டுகிறான்.

2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம் என்று கண்டறிந்தார்கள். எல்லா வேப்பிலும் அது இல்லை. கையில் இருக்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்று பிடிப்பவருக்குத் தெரியாது என்பதே இதில் நமக்குள்ள பாடம். கள்ளத்தனமாக வரும் சரக்குக்கு யார் உத்தரவாதம்?

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் சகோதரர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். இந்தியாவில் இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். இருப்பு வைப்பதும் தண்டனைக்குரியது. நண்பனுக்கு அன்பளிப்பு என்று பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து வழக்கில் மாட்டாதீர்கள்.

ஹூக்காவும் அப்படித்தான். தண்ணீரில் வடிகட்டப்படுகிறது என்று நம்பி ஒரு மணி நேரம் உட்கார்ந்து இழுப்பவர், ஒரு சிகரெட்டில் இழுப்பதைப் போல நூறு மடங்குக்கும் அதிகமான புகையை உள்ளே வாங்குகிறார். தண்ணீர் புகையைக் குளிர்விக்கும், நஞ்சை எடுத்துவிடாது.

வீட்டிலிருப்போர் செய்த பாவம் என்ன?

புகைப்பவர் விரும்பிப் புகைக்கிறார். அவர் பிள்ளை விரும்பியா சுவாசிக்கிறது? புகைப்போர் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பும், வந்த ஆஸ்துமா மோசமாகும் வாய்ப்பும் அதிகம்.

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் மாதம், மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அதற்கு முன் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 5 சதவிகிதம் ஏறிக்கொண்டிருந்தது. தடைக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 18 சதவிகிதம் என்ற கணக்கில் குறைந்தது. புதிய மருந்து எதுவும் காரணமில்லை. பெரியவர்கள் வெளியே போய்ப் புகைத்தார்கள். குழந்தைகள் மூச்சு விட்டார்கள்! நம் நாட்டிலும் 2001இல் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைக்கத் தடை விதித்தது. 2008 அக்டோபர் 2 முதல் அதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. வீட்டுக்கு எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை. அந்தத் தீர்ப்பை நாம்தான் எழுத வேண்டும்.

மேலப்பாளையத்திலும் தென்காசி வட்டாரத்திலும் வேலூர்ப் பகுதியிலும் நம் தாய்மார்களும் சகோதரிகளும் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் ஒரு பீடியையும் புகைப்பதில்லை. ஆனாலும் முறத்திலிருந்து எழும் புகையிலைத் தூசு அவர்கள் மூச்சில் கலக்கிறது. நிகோடின் விரல் வழியாகவும் உடலில் சேர்கிறது. பீடி சுற்றுவோரின் சிறுநீரில் நிகோடினின் கழிவுப்பொருள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தொழிலை நாளைக்கே விடுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? மாற்று வேலை தராமல் அப்படிச் சொல்வது அநியாயம். ஜன்னலோரம் அமர்ந்து சுற்றுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மறையுங்கள். குழந்தை தூங்கும் அறையில் தூளை வைக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளைக்கு ஊட்டுங்கள் என்று சொல்லலாம். அவர்களுக்கு வேறு தொழில் கற்றுத்தரும் பொறுப்பு சமுதாயத்தில் வசதி படைத்தவர்கள் மீது இருக்கிறது.

வியாபாரப் பெருமக்களுக்கு

இனி உங்களிடம் வருகிறேன். பெட்டிக்கடையும் டீக்கடையும் மளிகைக்கடையும் வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 'சிகரெட் வாங்க வருபவர்தான் டீயும் வாங்குகிறார். நிறுத்தினால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்' என்கிறீர்கள். உங்கள் சங்கடம் புரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. இதற்கான அபராதம் 200 ரூபாய்தானே என்று அலட்சியப்படுத்துகிறவர்கள் உண்டு. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தையும் பாருங்கள். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்!

முழுப் பெட்டி வாங்கப் பள்ளிப் பையனிடம் காசு இருக்காது. ஒற்றைச் சிகரெட் வாங்க இருக்கும். பெட்டியின் மேல் 85 சதவிகித இடத்தில் எச்சரிக்கைப் படம் அச்சிட வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் சட்டம். ஒற்றையாக உருவிக் கொடுக்கும்போது அந்தப் படம் உங்கள் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. பையன் கைக்குப் போவது நஞ்சு மட்டும்தான். உங்கள் கடை வாசலில் தொங்கும் நெருப்புக் கயிற்றில் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பவன் நாளை உங்கள் வீட்டுக்கு மருமகனாக வரப்போகும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். நாளுக்கு 12, 14 மணி நேரம் அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்தான். வாடிக்கையாளர் ஒரு சிகரெட் பிடித்துவிட்டுப் போய்விடுகிறார். அத்தனை பேர் விட்ட புகையும் உங்கள் பங்குக்கு வருகிறது. முதல் படியாகச் சிறுவர்களுக்கு விற்பதில்லை என்று தெரு முழுதும் சேர்ந்து முடிவெடுங்கள். ஒருவர் நிறுத்தினால் நட்டம். அனைவரும் நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. பெட்டியைக் கண்ணில் படும்படி அடுக்காதீர்கள். வாசலில் நெருப்பு வைக்காதீர்கள். மெல்ல மெல்ல அந்த இடத்தில் வேறு சரக்கை வையுங்கள்.

விட முடியுமா?

'முப்பது வருடப் பழக்கம், விட முடியாது' என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ரமலானில் என்ன செய்கிறீர்கள்? ஸஹர் முதல் இஃப்தார் வரை ஏறத்தாழ 14 மணி நேரம் ஒரு பீடியும் தொடுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிகோடின் பாதியாகும் என்று சொன்னேன் அல்லவா? 14 மணி நேரத்தில் ஏழு முறை பாதியாகிறது. நோன்பு திறக்கும்போது உங்கள் இரத்தத்தில் காலையில் இருந்த நிகோடினில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. உடம்பு அதைத் தாங்கிவிட்டது! அப்படி 30 நாள் தாங்கியிருக்கிறது. அந்த வெற்றியைப் பேரீச்சம்பழத்தோடு முடித்துக்கொள்ளாமல், தெருமுனைக்கு ஓடிப்போய் ஏன் தோற்க வேண்டும்?

முதல் இரண்டு மூன்று நாள்தான் கடும் சோதனை. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். சில நாள் இருமல் கூடுவது போலத் தோன்றலாம். நுண்மயிர்கள் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். இருமல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆசை எழும்போது தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள்; சில நிமிடத்தில் அது தணிந்துவிடும். தனியாக முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிகோடின் சூயிங்கம் போன்றவை மெதுவாக, அளவாக நிகோடினைத் தந்து படிப்படியாக விடுவிக்க உதவும். மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். அரசின் இலவச உதவித் தொலைபேசி எண் 1800-11-2356. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலும் புகையிலையிலிருந்து விடுபட ஆலோசனை தருகிறார்கள்.

ஆஸ்துமா உள்ள தம்பி, நீ புகைப்பதை மருத்துவரிடம் மறைக்காதே. அவருக்கு அது தெரியாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார். உண்மையைச் சொன்னால் உன் நோயின் பாதிச் சிக்கல் அன்றே அவிழும்.

சகோதரர்களே! இந்தக் கூட்டம் முடிந்து வெளியே போகும்போது சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். அங்கே பம்ப் இருந்தால் தலை நிமிர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் பார்க்க எடுத்துப் போடுங்கள். பீடியோ சிகரெட்டோ வேப்போ இருந்தால் அதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். தாய்மார்கள் பிள்ளையின் பம்பை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். வாப்பாமார்கள் வாசலுக்கு வெளியே புகையை விட்டுவிட்டு வீட்டுக்குள் வரட்டும். பிறகு வெளியேயும் விட்டுவிடட்டும். கடைக்காரர்கள் நாளைக் காலை கடை திறக்கும்போது நெருப்புக் கயிற்றை அவிழ்த்து எறியட்டும்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவோம். அஞ்சத் தேவையில்லாததை அணைத்துக்கொள்வோம்.